ஊர்ப்பெயர் வைத்த ஃபோல்டர்கள்

பவனை ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. புனேயை ஒட்டிய கசார்வாடிப் பட்டறையின் மேஸ்திரி கேட் வரை பின்னாலேயே வந்து மராட்டியில் கத்தியது இன்னும் காதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் ஷிப்ட் உண்டு. பாதி நாள் விடுப்பு கேட்டேன். போவதென்றால் ஒரேயடியாகப் போ என்றார். நானும் போய்விட்டேன். தோளில் பை. அதில் கொஞ்சம் துணி, ஒரு போர்வை, போர்வைக்குள் சுற்றிய பழைய லேப்டாப். என் பை எப்போதும் கட்டியே இருக்கும். அதனால் புறப்பட நேரமாவதில்லை.

அந்தப் பட்டறையில் தகட்டை அழுத்தி வாஷர் வெட்டும் மிஷினில் மழைக்காலம் தொடங்கி வேலை பார்த்தேன். விரல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அது ஒன்றே லாபம். சேர்ந்த அன்றே மேஸ்திரி என் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார். ஆள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சில முதலாளிகள் இப்படிச் செய்வார்கள். நான் நகல்தான் கொடுத்தேன். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஊர் ஊராகத் திரிகிறவன் நான். அட்டையை எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நான் விடாமல் கடைப்பிடித்த விதி.

பாணேர் போக வேண்டும். பிம்ப்ளே குரவ், சாங்வி வழியாக ஔந்த் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். பஸ் இருந்தது. ஆனால் மனம் சரியில்லாதபோது எனக்கு நடந்தால்தான் ஆகும். நடந்துகொண்டே முந்தின நாள் மாலை வந்த குரல் செய்தியை மறுபடி கேட்டேன்.

"அண்ணா, நாளைக்கு மீட்டிங். எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தறாங்களாம். தமிழ மட்டும் பழசுலயே விட்டுட்டுப் போறாங்களாம். கேக்குதா? நீ எங்க இருந்தாலும் வந்து சேரு. வரலைன்னா அப்புறம் எனக்கு போன் பண்ணாத."

பேசியவள் ஏரவாடாக்காரி. பிறவியிலேயே கண் தெரியாதவள். அவளுடைய அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் முழுக்க மராட்டி. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்து தெரியாது. எங்களை ஒன்று சேர்த்தது ஒரு மென்பொருள். போனில் வரும் எழுத்தை இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துக்காட்டும். பார்வையற்றவர்களுக்காகச் சிலர் சம்பளம் இல்லாமல் செய்துவந்தார்கள். நான் அதில் எப்படி வந்தேன் என்றால், ஹூப்ளியில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பெருக்கித் துடைத்து அங்கேயே படுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கோ எழுதியிருந்தார்கள். எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று விதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டாவது தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. என்ன படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

நான் எழுதியதைக் கேட்டுப் பார்த்துத் தப்புச் சொல்கிறவள் அவள். என் நம்பர் ஊருக்கு ஊர் மாறும். மாறியதும் அவளுக்கு மட்டும் சொல்வேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

தமிழ் ஏன் அவளுக்கு அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அக்காவைச் சேலத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் அக்கா வாயைத் திறந்து போனில் பேச முடியாது. மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். எழுதி அனுப்பிவிட்டுத் தன் போனில் உடனே அழித்துவிடுவாள். இவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பாள். இன்னொருத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாத விஷயங்கள் அதில் இருந்தன. அவளுடைய போனோ சாகும் நிலையில் இருந்தது. புது போனில் பழைய பதிப்பு ஓடாது. புதிய பதிப்பில் தமிழ் இல்லையென்றால் அக்காவின் குரல் அவளுக்கு அத்தோடு நின்றுபோகும்.

பாணேர் அடுக்குமாடியின் வாட்ச்மேன் பையைப் பார்த்ததும் என்னை ஓரமாக நிறுத்தினார். மேலே இன்டர்காமில் கேட்டு, மறுபடி என்னைப் பார்த்து, மறுபடி கேட்டு, அப்புறம்தான் லிஃப்டைக் காட்டினார். பையை ஃப்ளாட்டுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஹாலில் மூன்றே பேர். மென்பொருளுக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் மேடம்: ஐ.டி. கம்பெனியில் வேலை, பேங்க் அதிகாரியின் மகள், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அவருடன் வேலை பார்க்கும் மராட்டி இளைஞர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு லேப்டாப்போடு. சோபாவின் ஓரத்தில், மடக்கிய கோலை மடியில் வைத்துக்கொண்டு, ஏரவாடாக்காரி.

"வந்துட்டியா," என்றாள் நான் பேசுவதற்கு முன்பே. "மிஷின் எண்ணெய் நாத்தம் லிஃப்ட்லயே வந்துடுச்சு."

"வாங்க," என்றார் மேடம். "நீங்க வருவீங்கன்னு... மத்லப், நாங்க எக்ஸ்பெக்ட் பண்ணல. உங்க நம்பர் போகவே இல்ல."

டி.வி.யில் மொழிகளின் பட்டியல் தெரிந்தது. மற்றவை பச்சை. தமிழ் மட்டும் சாம்பல் நிறம்.

விஷயம் இதுதான். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று இதுபோன்ற வேலைகளுக்கு இருக்கும். எங்களுடையது எஸ்.வி.என். என்ற பழைய வகை. அதை விட்டுவிட்டு, எல்லோரும் இப்போது புழங்கும் 'கிட்' என்ற புதிய வகைக்குப் போவதாக முடிவு. பழையதை இலவசமாக வைத்திருந்த இடத்தில் அந்த வாரக் கடைசியோடு மிஷினை நிறுத்தப்போகிறார்கள். இளைஞர் ஒரு வெள்ளோட்டம் பார்த்திருந்தார். பழைய வரலாற்றோடு எல்லா மொழிகளும் ஒழுங்காக வந்துவிட்டன. தமிழ் மட்டும் பழைய நிலையிலேயே நின்றுவிட்டது.

"தமிழ்ல கடைசி சேஞ்ச் பல வருஷம் முன்னாடி," என்றார் மேடம். "அப்புறம் யாருமே தொடல. டெட் ஆன லாங்குவேஜ எடுத்துட்டுப் போய் என்ன பண்றது? ஒரு காப்பி டிஸ்க்ல வெச்சுக்கலாம். பட் புது வெர்ஷன்ல போட முடியாது."

"யாரும் தொடலையா? நான் போட்டுக்கிட்டேதானே மேடம் இருக்கேன்."

"எங்க?"

இளைஞர் அந்தப் பழைய எஸ்.வி.என். களஞ்சியத்தைத் திறந்து டி.வி.யில் காட்டினார். மொழிகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவற்றுக்கு வெளியே, வாசலில் போட்ட மூட்டைகள் மாதிரி, தனியாகச் சில ஃபோல்டர்கள். ஹூப்ளி. சோலாப்பூர். பெல்காம். வசை.

இளைஞர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "யாரோ டூர் போன போட்டோவை ஏத்தியிருக்காங்கன்னு நினைச்சேன் தாதா," என்றார் இந்தியில்; தாதா என்றால் மராட்டியில் அண்ணன். "மாத்தற கருவிகிட்ட இதையெல்லாம் விட்டுடச் சொல்லிட்டேன்."

மேடம் சிரிக்கவில்லை. "இது என்ன?"

சொன்னேன். பழைய ஏற்பாட்டில் எவனும் எங்கே வேண்டுமானாலும் ஒரு ஃபோல்டரைப் போடலாம். முறையான இடத்தில் கை வைத்து ஏதாவது கெட்டுப்போனால் ஊருக்கே கெட்டுப்போகுமே என்று எனக்குப் பயம். அதனால் புது ஊருக்குப் போனதும் தமிழ் முழுவதையும் எடுத்து, அந்த ஊர்ப்பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் வேலை செய்வேன். புதிய பதிப்பு வெளியிடும் சமயத்தில் அப்போதைய பொறுப்பாளர் எனக்கு ஒரே வரி எழுதுவார்: இப்போ எந்த ஊர்? நான் ஊர்ப்பெயரை எழுதுவேன். அவர் அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்வார். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. அவர் வெளிநாடு போனார். மேடம் வந்தார். மேடம் அதற்குப் பிறகு ஒரு பதிப்பும் வெளியிடவில்லை. அதனால் எந்த ஊர் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இத யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"அவர் சொல்லியிருப்பார்னு நெனச்சேன் மேடம்."

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு அவர் நெனச்சிருப்பாரு!"

சோபாவிலிருந்து கோல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. "சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க. இப்ப இத கொண்டுபோக முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க."

முடியும் என்றார் இளைஞர். ஆனால் எந்த ஊர் எந்த ஊருக்குப் பின்னால் வந்தது என்று தெரிந்தாக வேண்டும். நகல் எடுக்கும் முறையான கட்டளை எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே ஏற்றியிருந்தேன். அதனால் எது எதிலிருந்து பிறந்தது என்று மிஷினுக்கும் தெரியாது. அவர் எல்லா ஊரையும் ஒரே வரிசையாகக் கோத்து, முறையான இடத்திலிருக்கும் தமிழின் வாலில் ஒட்ட வேண்டும்.

"சொல்லுங்க," என்றார் மேடம். "முதல்ல?"

"ஹூப்ளி."

"அப்புறம்?"

சோலாப்பூர் என்றேன். துண்டு நெய்யும் தறிக்கூடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு மூட்டை மேலேயே தூங்கிய ஊர். அப்புறம் பெல்காம், ஓட்டலில் தட்டு கழுவினேன். அப்புறம் வசை, கட்டட வேலை. அங்கே காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரனின் மகன் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை. ஊர்ப்பெயர்களை மட்டும் சொன்னேன். இளைஞர் தட்டச்சு செய்தார்.

கருவி ஓடத் தொடங்கியது. ஓடட்டும் என்று யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. மேடம் டீ போட்டார். டீ ஆறியது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மேடம். "இது ஜாயின் ஆனாலும் ப்ராப்ளம் முடியாது. மாத்தினதுக்கு அப்புறம் கொஞ்ச மாசம் ஏதாவது உடஞ்சுக்கிட்டே இருக்கும். அன்னிக்கே பாக்க ஆள் வேணும். மத்த லாங்குவேஜ் எல்லாத்துக்கும் ஒரு ஆள் இருக்கு. தமிழுக்கு யாரு?"

"மேடம், நீங்களே தமிழ்தானே," என்றாள் ஏரவாடாக்காரி.

"எனக்குப் படிக்க வராது பா. போர்டு படிக்கவே எழுத்துக் கூட்டணும்."

இளைஞர் தலையைத் தூக்காமலே கேட்டார். "தாதா நாளைக்கு எங்கே இருப்பாரு?"

நாளைக்கு எங்கே என்று எனக்கே தெரியாது. சாயந்திரம் ஸ்டேஷனுக்குப் போய் எந்த வண்டி முதலில் வருகிறதோ அதில் ஏறுவது என்றுதான் பாலத்தில் நடக்கும்போது நினைத்திருந்தேன்.

"வெளிய பை வெச்சுட்டு வந்தியே," என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது. "பொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. போர்வையோட கட்டின பை. வேலைய விட்டுட்டியா?"

"ம்."

"கெளம்பறியா?"

கருவி முடிந்ததாக ஒரு மணி ஒலித்தது. நல்லவேளை.

டி.வி.யில் தமிழ் பச்சையாகியிருந்தது. சோதனைப் பதிப்பை இளைஞர் அவளுடைய போனில் ஏற்றிக் கொடுத்தார். ஹாலில் ஒலிபெருக்கியில் கேட்கலாமா என்று மேடம் கேட்டபோது அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இயர்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் எந்தச் செய்தியைத் திறந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் அக்கா எழுதியது; அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வரப்போகிறாள். எந்தத் தேதியில் எந்த ரயில் என்று அதில் இருந்தது.

அவள் ஒரு தடவை கேட்டாள். திரும்பவும் கேட்டாள். முகம் மாறியது.

"நல்லாத்தான் படிக்குது. ஆனா நம்பர் வர்ற எடத்துல சும்மா தாண்டிப் போயிடுது. 'தேதி வண்டில வரேன்'ங்குது. எந்தத் தேதி? எந்த வண்டி?" இயர்போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நீ எனக்குன்னு குடுத்தது இதே போன்ல சரியாச் சொல்லுச்சே! எண்ணெல்லாம் சரி பண்ணிட்டேன்னு நீதானே சொன்னே?"

எண்களைச் சரிசெய்தது நினைவிருந்தது. அவளுக்குச் சோதனைக்காகத் தனியாக அனுப்பியதும் நினைவிருந்தது. எந்த ஊரில் உட்கார்ந்து செய்தேன் என்பதுதான் குழம்பியது. வசையில் இல்லை. வசையில் எனக்குக் காய்ச்சல். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இளைஞர்தான் கண்டுபிடித்தார். ஊர் வரிசையை விட்டுவிட்டுத் தேதிகளைப் பார்த்தார். "தாதா, ஹூப்ளிதான் முதல்னு சொன்னீங்க. ஹூப்ளியில போன மாசம் வரைக்கும் மாற்றம் இருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வசையிலிருந்து நான் மறுபடி ஹூப்ளிக்குத்தான் போனேன். அந்தப் பெயரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருந்ததால், வசையில் செய்ததை அதன் மேலேயே கொட்டி வேலையைத் தொடர்ந்தேன். அப்புறம் புனே வந்தேன். புனேயிலும் அதிலேயேதான் செய்தேன்.

"கசார்வாடில இருந்துக்கிட்டே ஹூப்ளில வேலை பாத்தியா?" என்றாள் அவள்.

"புது ஃபோல்டர் போடல."

"ஏன்?"

"எவ்வளவு நாள் இருப்பேன்னு தெரியல."

"அரே வா! மழை ஆரம்பிச்சப்ப வந்தே. இப்ப ஸ்வெட்டர் போடற காலம். எங்க ஊருக்கு ஒரு ஃபோல்டர் போடக்கூட உனக்கு மனசு வரல."

இளைஞர் வரிசையைத் திருத்தினார். ஹூப்ளியை இரண்டாக வெட்டி, முதல் பாதியைத் தலையிலும் மறு பாதியைக் கடைசியிலும் வைத்தார். கருவி மறுபடி ஓடியது. இந்தத் தடவை யாரும் டீ கேட்கவில்லை. அவள் கோலை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள். பதிப்பை ஏற்றிக் கொடுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

"சொல்லுது," என்றாள். "தேதி சொல்லுது. வண்டி நம்பர் சொல்லுது."

மேடம் மூச்சு விட்டார். ஆனால் பட்டியலில் தமிழுக்கு எதிரே பொறுப்பாளர் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. கர்சர் அதில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"உங்க பேரப் போடலாமா?" என்று கேட்டார். "ப்ராமிஸ் வேணாம். ஒரே நம்பர், ஒரே ஊரு. அது முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நடுவுல நீங்க காணாமப் போனா அது இன்னும் மோசம். எனக்குப் புரியும், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

முடியாது என்று சொல்வது எனக்குச் சுலபம். எத்தனையோ இடத்தில் அதைக்கூடச் சொல்லாமலே கிளம்பியிருக்கிறேன். அன்று வாயில் வரவில்லை. முடியும் என்பதும் வரவில்லை.

"அவன்ட்ட இப்படிக் கேட்டா சொல்ல மாட்டான் மேடம்," என்றாள் ஏரவாடாக்காரி. என் பக்கம் திரும்பினாள். "ராத்திரி எங்க படுப்பே?"

"தெரியல."

"நான் வேலை பாக்கற தண்ணி பிளான்ட்ல கேன் ஏத்த ஆள் இல்லாம சேட் கத்திக்கிட்டிருக்கார். மேல ரூம் இருக்கு. கரன்ட் இருக்கு, வைஃபையும் இருக்கு. நான் போன்ல ஆர்டர் எடுக்கறதே அங்கதான், நீ ஓடினா எனக்கு மொதல்ல தெரியும்." கோலை மடக்கினாள். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். சேட் அட்டைய வாங்கி வெச்சுக்குவார். நகல் இல்ல. அட்டை."

"அட்டை குடுக்க மாட்டேன்."

"தெரியும். அதான் முன்னாடியே சொல்றேன்."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த அட்டை என்று அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கட்டத்தில் எதையும் எழுதாமல், "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓப்பனா வெக்கிறேன்," என்றார்.

அவளை ஏரவாடா பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறினேன். பை மடியில். புனே ஸ்டேஷன் வந்ததும் அறிவிப்பாளரின் குரல் வெளியிலிருந்து கேட்டது. ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு பிளாட்பாரம். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, நான் எழுகிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழவில்லை. பையின் வாரை மட்டும் கையில் சுற்றிக்கொண்டேன்.

அன்றிரவு பிளான்ட்டின் வெளி மேடையில், காலிக் கேன்களுக்கு நடுவே போர்வையை விரித்துப் படுத்தேன்.

காலையில் சேட் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். முழுக் கேனைத் தோளில் வைத்து நடந்து காட்டச் சொன்னார். நடந்து காட்டினேன். பிறகு கையை நீட்டினார். உள்ளே மேஜையில் அவள் போனில் யாருக்கோ இந்தியில், பத்து மணிக்குள் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள்.

துணிக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். சேட் அதைப் பார்க்கக்கூட இல்லை. இரும்பு மேஜையின் டிராயரைத் திறந்து உள்ளே போட்டுப் பூட்டினார்.

"ஹலோ," என்றாள் அவள் போனில். "ஹாங், சொல்லுங்க. எத்தனை கேன்?"

நான் டெம்போவின் பின்கதவைத் திறந்து முதல் கேனைத் தூக்கினேன்.